பூந்தோட்டத்தில் உட்கார்ந்து பிட் துணியில் ஒட்டுப்போர்வை: எந்த டிசைன், எவ்வளவு துணி, எதை வெளியே எடுத்துப் போகலாம்?

மல்லிகைப்பந்தல்:

வணக்கம் தோழிகளே. தைத்து மிஞ்சிய பிட் துணி ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டது. முக்கால்வாசி பருத்தி, கொஞ்சம் ரேயான், சில பாலியெஸ்டர், ஒன்றிரண்டு ஜீன்ஸ் துண்டு. பெரியவை உள்ளங்கை அகலம், சின்னவை ஒன்றரை அங்குலப் பட்டைகள். இவற்றை வைத்து 36 × 48 அங்குலத்தில் ஒரு ஒட்டுப்போர்வை தைக்க வேண்டும். மெஷின் வேண்டாம், முழுக்கக் கைத்தையல். சாயங்கால வேளையில் தோட்டத்தில் பூக்களைப் பார்த்துக்கொண்டே தைக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

1. மடியில் வைத்துத் தைக்கிற அளவில் கொஞ்சம் கொஞ்சமாக முடிகிற டிசைன் எது? எத்தனை துண்டு ஆகும்?
2. தோட்டத்துப் பூக்களின் நிறத்தைத் துணியில் கொண்டுவருவது எப்படி? எல்லாப் பிட்டையும் பரப்பிப் பார்த்தால் கண்ணைக் குத்துகிறது.
3. வெளியே உட்கார்ந்து தைப்பதால் துணிக்கு என்ன கெடுதல் வரும்?

ஓட்டுத்தையல், ஹெம்மிங் நன்றாக வரும். குவில்ட் இதுதான் முதல்.

ஊசிக்காது:

அறுகோணம் போடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, ஆக ஏழு துண்டில் ஒரு பூ. 1930களில் அமெரிக்காவில் வெகுவாகப் பரவிய 'பாட்டியின் பூந்தோட்டம்' என்ற டிசைன் இது. பூவுக்கும் பூவுக்கும் நடுவே ஒரே நிறத்தில் ஒரு வரிசை அறுகோணம் ஓடும், அதற்குப் பாதை என்று பெயர். காகித அச்சின் மேல் துணியை மடித்து, மடிப்போடு மடிப்பை இணைப்பதால் ஊசி, நூல், கத்தரி போதும். ஒரு பூ முடியும்வரை வேலை உள்ளங்கையை விட்டுப் பெரிதாகாது.

கணக்கு இதோ. பக்கம் 1 அங்குலம் உள்ள அறுகோணத்தின் பரப்பு ஏறக்குறைய 2.6 சதுர அங்குலம். உங்கள் போர்வை 1,728 சதுர அங்குலம். வகுத்தால் 665 துண்டு. ஒரு பூவைச் சுற்றி 12 பாதைத் துண்டு வந்தாலும் பக்கத்துப் பூக்கள் அவற்றைப் பங்கு போட்டுக்கொள்வதால், ஒரு பூவின் கணக்கில் 5தான் சேரும். ஆக 7 + 5 = 12, மொத்தம் 55 பூ. இதழ் 330, நடு 55, பாதை 275. ஓரத்தை நேராக வெட்டும்போது வீணாவதற்கு இன்னும் 50 பாதைத் துண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். பூக்களின் மையங்கள் சரியாக 6 அங்குல இடைவெளியில் விழும். வரிசைக்கு 6 பூ, 9 வரிசை (54 பூ, மீதி ஒன்று கையிருப்பு), ஒன்று விட்டு ஒரு வரிசை 3 அங்குலம் தள்ளி.

இதழும் நடுவும் பிட்டிலிருந்து வரட்டும். பாதைக்கு மட்டும் ஒரே துணியில் ஒன்றரை மீட்டர் புதிதாக வாங்குங்கள். 42 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டை ஒன்றுக்கு 16 துண்டு கிடைக்கும், 21 பட்டை வேண்டும். பாதையையும் பிட்டிலேயே முடித்துவிடலாம் என்று சிக்கனம் பார்த்தால் பூ எது, பாதை எது என்றே தெரியாது. நீங்கள் சொன்ன கண்ணைக் குத்தும் சமாசாரம் பெரும்பாலும் இதனால்தான்.

அச்சு: காம்பஸை 1 அங்குலம் திறந்து வட்டம் போட்டு, அதே திறப்பில் வட்டத்தின் மேல் ஆறு புள்ளி வைத்து இணையுங்கள். இந்த முதல் அறுகோணத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிக்கொண்டு, எல்லாக் காகிதத்தையும் அதை வைத்தே வரைய வேண்டும். காகிதத்தை வைத்து அடுத்த காகிதம் வரைந்தால் ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் அகலம் ஏறிக்கொண்டே போகும். காகிதம் 120 முதல் 160 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) வரை இருக்கலாம். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் வீட்டுக்குள் ஒத்துவரும், தோட்டத்து ஈரக்காற்றில் தொய்ந்துபோகும். சுற்றிலும் தைத்து முடிந்த துண்டின் காகிதத்தை எடுத்துத் திரும்பவும் பயன்படுத்தலாம் என்பதால் 150 வெட்டினால் தாராளம்.

துணியை அறுகோணமாக வெட்ட வேண்டியதில்லை, இரண்டரை அங்குலச் சதுரம் போதும். அறுகோணத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு ஜோடி துணியின் நூலோட்டத்துக்கு இணையாக இருக்கட்டும். காகிதத்தைத் துணியின் பின்பக்கத்தில் நடுவே வைத்து ஒவ்வொரு பக்கமாக மடியுங்கள். மூலைக்கு மூலை, இரண்டு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில், காகிதத்தைக் குத்தாமல் மடிப்புத் துணியில் மட்டும் ஒரு பின்தையல் போட்டு அடுத்த மூலைக்குப் போங்கள். இப்படிச் செய்தால் கடைசியில் பிரிக்கிற வேலையே இல்லை, காகிதத்தை மட்டும் நெம்பி எடுத்துவிடலாம். மடிப்பு கால் அங்குலத்துக்குக் குறைந்தால் காகிதம் எடுத்ததும் பிரிந்து வரும். முக்கால் சென்டிமீட்டரைத் தாண்டினால் முன்பக்கம் தடிமன் தெரியும், நறுக்கிவிடுங்கள்.

இணைக்கும்போது நல்ல பக்கம் இரண்டும் உள்ளே பார்க்கட்டும். மூலையிலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தொடங்கி மூலைக்குப் போய், திரும்பி அடுத்த மூலைவரை சுற்றுத்தையல் (இரண்டு விளிம்பையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றிப் போடும் தையல்). ஊசி மடிப்பின் விளிம்பில் இரண்டு மூன்று இழையை மட்டும் எடுக்க வேண்டும், காகிதத்தில் உரசிக்கொண்டு போகலாம், துளைக்கக் கூடாது. தையலுக்குத் தையல் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு தையல் ஒரே இடத்தில். நூல் 50 அல்லது 60 நம்பர், ஷார்ப்ஸ் வகை 10ஆம் நம்பர் ஊசி. நூலை 45 செ.மீ.க்கு மேல் கோக்காதீர்கள். ஊசிக் காதில் உரசி உரசி நூல் பஞ்சாகிவிடும்.

பட்டையும்பிட்டும்:

ஊசிக்காது சொன்னது எல்லாம் உள்ளங்கை அகலத் துண்டுக்குச் சரி. ஒன்றரை அங்குலப் பட்டைகளை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே.

இரண்டு பட்டையை நீளவாக்கில் கால் அங்குலம் விட்டு ஓட்டுத்தையலில் சேர்த்தால் அகலம் சரியாக இரண்டரை அங்குலம் ஆகிவிடும் (1½ + 1½ − ½). அதிலிருந்து சதுரம் வெட்டினால் பாதி ஒரு நிறம், பாதி ஒரு நிறமாக இதழ் கிடைக்கும். தையல் கோட்டை அறுகோணத்தின் இரண்டு எதிர் மூலைகளுக்கு நேராக வைத்து, கருத்த பாதியை நடுத்துண்டின் பக்கம் திருப்பினால் பூவின் உட்பக்கம் இருண்டு வெளிவிளிம்பு வெளிறும், நிஜப் பூவின் சாயல் வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தத் தையலின் மடிப்பை ஒரு பக்கமாகச் சாய்க்காமல் இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். இல்லாவிட்டால் மூலையில் நாலைந்து அடுக்கு சேர்ந்து ஊசி இறங்காது.

துணி தேர்வு பற்றியும் ஒரு வார்த்தை. ஜீன்ஸை இதில் சேர்க்காதீர்கள், 1 அங்குல அச்சில் அது மடியாது. பாலியெஸ்டர் விரலால் அழுத்தினால் மடிப்பு நிற்காமல் எழும்பும், இஸ்திரிச் சூடு கூடினால் சுருங்கும். ரேயான் மடியும், ஆனால் வெட்டு ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும், துவைத்தால் பருத்தியைவிட அதிகம் சுருங்கக்கூடும். ஆசைப்பட்டால் அதற்குப் பின்னால் மெல்லிய ஒட்டும் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டு, பூவின் நடுவுக்கு மட்டும் பயன்படுத்தலாம். முழுக்கப் பருத்தியில் முடித்தால் தலைவலி இல்லை.

புதுத்துணியாக இருந்தால் துவைக்காமலே வெட்டலாம் என்பது என் கட்சி. கஞ்சி மொடமொடப்பு போகாது, சின்னத் துண்டு சொன்ன பேச்சைக் கேட்கும்.

சாயக்காரர்:

கடைசிப் பத்தியை மட்டும் மறுக்கிறேன். ஒரே துணியில் தைப்பதானால் துவைக்காமல் வெட்டலாம். இது கலப்புப் பிட்டு, ஒன்று ஏற்கெனவே துவைத்தது, ஒன்று துவைக்காதது, எது எது என்று யாருக்கும் நினைவிருக்காது. முடிந்த போர்வையை முதல் தடவை நனைக்கும்போது ஒரு துண்டு சுருங்கிப் பக்கத்துத் துண்டை இழுக்கும். அதைவிட மோசம் சாயம். அடர் சிவப்பு, கருநீலம், ஊதா மூன்றும்தான் முக்கியக் குற்றவாளிகள். பாதை வெள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்புத் திரவம், நிறவாரியாக அரை மணி ஊற வையுங்கள். மெஷினில் போட்டால் சின்னத் துண்டுகள் நூல் பிரிந்து பந்தாகிவிடும். பிறகு ஈரத் துண்டை வெள்ளைப் பருத்தித் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் திரும்ப அலசுங்கள். மூன்றாவது முறையும் இறங்கினால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு இல்லை.

மொடமொடப்பு வேண்டுமானால் காய்ந்தபின் லேசாகக் கஞ்சித் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுக்கொள்ளலாம். அந்த வாரம் தைக்கப்போகும் துண்டுக்கு மட்டும் போடுங்கள். கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் பெட்டியில் வைத்தால் வெள்ளிப்பூச்சி அரிக்கும்.

இதழ்நிறம்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வெளிச்சம்–கருமையைப் பாருங்கள். துண்டுகளை விரித்து ஃபோனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தால் மூன்று கும்பலாகத் தானே பிரிந்துவிடும்: வெளிர், நடுத்தரம், அடர். இதழும் அதைத் தொடும் பாதையும் ஒரே கும்பலில் இருந்தால் நிறம் வேறானாலும் எட்ட நின்று பார்க்கும்போது பூ கலங்கிப்போகும். வெளிர் மஞ்சள் இதழும் வெள்ளைப் பாதையும் அப்படித்தான் காணாமல் போகும். நடுத்தர ஆரஞ்சும் நடுத்தரப் பச்சையும் கூட அப்படித்தான், பலரும் இதைக் கவனிப்பதில்லை.

தோட்டத்தில் ஒரு பூ ஏன் எடுப்பாகத் தெரிகிறது என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் நிழல் விழுந்த இலை. அந்த இலையின் பச்சை நாம் நினைப்பதைவிட ரொம்பக் கருப்பு, கிட்டத்தட்ட பாசிக்கும் கரிக்கும் நடுவில். அதனால் பூக்களின் நிறமே போர்வையில் தெரிய வேண்டும் என்றால் வெள்ளைப் பாதையைவிட அடர் பச்சைப் பாதை நல்லது. சாயக்காரர் பயமும் குறையும். சின்னப் புள்ளி போட்ட பச்சையாக இருந்தால் தையல் பிசகும் மறையும்.

பூவின் உள்கட்டு: செம்பருத்தியின் அடித்தொண்டையில் கரும்சிவப்பு, வெளியே போகப் போக வெளிறும். சூரியகாந்தியில் நடு பழுப்பு, இதழ் ஒரே மஞ்சள். ரோஜாவுக்கு நடுவை அடர்த்தியாகவும் சுற்றை ஒரு படி வெளிராகவும் ஒரே குடும்பத்தில் எடுங்கள், மஞ்சள் நடு வைத்தால் அது ரோஜாவாகத் தெரியாது. ஒரு பூவுக்கு ஆறு இதழும் ஒரே துணியில் வேண்டுமானால் 5 × 7½ அங்குலத் துண்டு தேவை. உங்களிடம் உள்ளங்கை அகலம்தான் என்பதால் பல பூக்களுக்கு இது முடியாது. மூன்று துணியில் இரண்டிரண்டு எடுத்து எதிரெதிரே வைத்தால் திட்டமிட்டதுபோல் இருக்கும். ஆறும் ஆறு துணி என்றால் ஒரே நிறக் குடும்பமாக இருக்கட்டும், அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் அழுக்கான, மங்கிய சாயல் இருந்தால் மற்ற ஐந்தும் உயிர் பெறும். எல்லாமே பளிச்சென்று இருப்பதுதான் கண்ணைக் குத்துவதற்கு இன்னொரு காரணம்.

கடைசியாக, நீங்கள் சாயங்காலம் தைப்பவர் என்பதால் சொல்கிறேன்: நிறம் தேர்ந்தெடுப்பதை அந்த நேரத்தில் செய்யாதீர்கள். சாய்ந்த வெயிலின் மஞ்சளில் நீலம் சாம்பலாகத் தெரியும். இன்னும் இருட்டினால் நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கறுக்கும், பச்சையும் நீலமும் அதைவிட வெளிச்சமாகத் தெரியும். மரத்தடியும் உதவாது, இலை வழியாக வரும் ஒளி துணிமேல் பச்சை பூசிவிடும். காலை பத்து மணிக்கு மேல், திறந்த வானம் தெரிகிற நிழலில் நிறங்களைப் பிரித்து, ஏழேழு துண்டாக ஊக்கு குத்தி வைத்துவிடுங்கள். சாயங்காலம் யோசிக்காமல் தைக்க மட்டும் செய்யலாம்.

வேலியோரம்:

வெளியே தைப்பதில் துணிக்கு வரும் முதல் எதிரி நேர் வெயில். பருத்திச் சாயம் மங்கும், அதுவும் மடித்து வைத்த துணி மடிப்பு விளிம்பில் மட்டும் கோடாக மங்கும். சாப்பிட எழுந்துபோகும்போது நாற்காலியில் அப்படியே விட்டுப்போகிற பழக்கம்தான் இதற்குக் காரணம். தட்டையான மூடியுள்ள டப்பாவில் வைத்து மூடிவிட்டுப் போங்கள்.

அடுத்தது மகரந்தம். லில்லி வகைகள்தான் மோசம், ஆரஞ்சு மகரந்தம் பட்டால் கையால் தட்டவோ தண்ணீர் விடவோ கூடாது, இழைக்குள் இறங்கிவிடும். ஒட்டும் டேப்பை மெல்ல வைத்து எடுங்கள், தேய்க்காமல். அதற்கு மேலும் மஞ்சள் தெரிந்தால் கொஞ்சநேரம் வெயிலில் காட்டினால் பெரும்பாலும் வெளுக்கும். (வெயில் உபகாரம் செய்கிற ஒரே இடம்.) பூச்செடிக்கு நேர் கீழே உட்காராமல் இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் இந்தத் தொல்லையே இல்லை. செம்பருத்தி, சங்குப்பூ போன்றவற்றின் உதிர்ந்த இதழைத் துணிமேல் வைத்து நிறம் ஒப்பிடாதீர்கள், கசங்கினால் கறை. இதழைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒப்பிடுங்கள்.

ஈரம்: பனி இறங்கத் தொடங்கியதும் உள்ளே வந்துவிட வேண்டும். காகிதம் தொய்ந்தால் பக்கங்கள் வளையும், தைத்தபின் அறுகோணம் அறுகோணமாக இருக்காது. பசை வைத்து மடித்திருந்தால் அதுவும் விடும். ஊசியைத் துணியிலேயே குத்தி இரவு விட்டால் வியர்வை, ஈரம் பட்டுத் துரு ஏறும். துருக்கறை சோப்புக்கு அசையாது.

அடையாளப் பேனாக்களில் கவனம் தேவை. தானே மறையும் ஊதா மை ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் மறையும், பாதி வரைவதற்குள் முதல் பாதி போயிருக்கும். சூட்டில் மறையும் பேனா வெயிலில் வைத்த டப்பாவுக்குள் மறைந்துவிடலாம், கடுங்குளிரில் திரும்பவும் தெரியும். தண்ணீரில் போகும் நீல மையை நீர் தொட்டு எடுக்கும் முன் சூடு காட்டினால் நிரந்தரமாகத் தங்கிவிடும். சாதாரண 2ஹெச் பென்சிலை மெலிதாகத் தீட்டி, பின்பக்கம் மட்டும் போடுங்கள்.

காற்றுக்கு: விளிம்புள்ள ஒரு தட்டின் உள்பரப்பில் ஃபிளானல் துணி ஒட்டிக்கொள்ளுங்கள். பருத்தித் துண்டு அதில் ஒட்டிக்கொண்டு பறக்காது, ஏழு துண்டையும் பூவாக அடுக்கிப் பார்க்கவும் வசதி. குண்டூசியை வெளியே கொண்டுபோகவே வேண்டாம், புல்லில் விழுந்தால் வெறுங்காலோடு நடக்கும் ஒருவர்தான் கண்டுபிடிப்பார். துணிப் பிடிப்புக் கிளிப் போதும். ஊசி இரண்டே இரண்டு, இரண்டிலும் பளிச்சென்ற நூல் கோத்து, சின்னக் காந்தத்தில் வைத்து, எழும்போது எண்ணிப் பாருங்கள். காலடியில் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று.

வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள், கை நிழல் தையல்மேல் விழாது. கொசுவுக்குப் பூசும் களிம்பு உள்ளங்கை, விரல் நுனியில் இருக்கக் கூடாது, எண்ணெய்த் தடம் வெளிர் துணியில் அன்றைக்குத் தெரியாமல் தூசி ஒட்டியபின் தெரியும்.

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. சில பூக்கள் தைத்துப் பார்த்ததில் மூன்று சிக்கல். ஒன்று, சில பூ தட்டையாக உட்காராமல் கிண்ணம் போலக் குவிகிறது. இரண்டு, முன்பக்கம் தையல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. மூன்று, மூன்று துண்டு சந்திக்கும் இடத்தில் சின்ன ஓட்டை. பூ முடிந்ததும் எல்லாக் காகிதத்தையும் எடுத்துவிட்டேன், அது காரணமாக இருக்குமா?

ஊசிக்காது:

ஓரளவு. நடுத்துண்டின் காகிதத்தை மட்டும்தான் எடுக்கலாம், அதன் ஆறு பக்கமும் தைத்தாகிவிட்டது. இதழின் வெளிப்பக்கம் திறந்திருக்கிறதே, பாதை வந்து சேரும்வரை அதன் காகிதம் உள்ளேயே இருக்க வேண்டும். எடுத்துவிட்டால் மடிப்பு அவிழ்ந்து பக்க அளவு கூடும், பாதைத் துண்டு பொருந்தாது. எடுத்த பூக்களில் காகிதத்தைத் திரும்பச் செருகி, விரல் நகத்தால் மடிப்பை அழுத்திவிட்டால் சரியாகும்.

குவிவதற்கு இரண்டு காரணம் உண்டு, எது என்று இப்படிப் பாருங்கள். தையல் கோட்டை விரலால் நீவினால் நூல் விறைப்பாக, துணி சுருக்கமாகத் தெரிகிறதா? நூலை அதிகம் இழுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தையலிலும் இழுக்காமல் நாலைந்து தையலுக்கு ஒரு முறை, மடிப்புகள் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும் இழுங்கள். சுருக்கம் இல்லாமல் குவிகிறதா? அப்போது இதழ்கள் நடுத்துண்டைவிடச் சின்னவை. நடுவைச் சுற்றி ஆறு பக்கம் என்பதால் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் மொத்தச் சுற்றில் 3 மில்லிமீட்டர் குறையும். நடு சின்னதாக இருந்தால் குவியாது, அலை அலையாக நெளியும். காகிதத்தை மூல அச்சின்மேல் வைத்துப் பாருங்கள். பலமுறை பயன்படுத்திய காகிதத்தின் மூலை மழுங்கி அளவு குறைந்திருக்கும், நாலைந்து முறைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓட்டை விழுவது மூலையில் இரண்டாவது தையல் போடாததால்.

சாயக்காரர்:

தையல் புள்ளி தெரிவதற்கு நூல் நிறத்தையும் பாருங்கள். வெள்ளை நூலில் எல்லாவற்றையும் தைத்தால் அடர் துணியில் பளிச்சென்று தெரியும். இரண்டு துணியில் அடர் துணியின் நிறத்துக்கு நூல் எடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் நூல் மாற்ற முடியாது என்றால் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஒன்றும், அடர் பச்சைப் பாதைக்கு ஒன்றும் போதும். ஊசி மடிப்பில் ஆழமாக இறங்கினாலும் தெரியும். மடிப்பின் கீழே போகாமல் உச்சியை மட்டும் கவ்வுங்கள். ஊசியைத் துண்டுக்கு நேர்க்குத்தாகக் குத்தினால் பின்பக்கம் தையல் சாய்ந்து, முன்பக்கம் சின்னப் புள்ளியோடு போகும்.

மூன்றடுக்கு:

அடுத்த கட்டத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பாதை சேர்ப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: ஓரம். நேர் ஓரம் வேண்டுமானால் நான்கு பக்கமும் 36 × 48ஐத் தாண்டி அறுகோணங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்வரை பாதைத் துண்டு சேருங்கள். கூடுதலாகச் சொன்ன 50 துண்டு இதற்குத்தான். காகிதம் எல்லாம் எடுத்து, ஓரத்து மடிப்புகளை விரித்து இஸ்திரி போட்டபின், வெட்டுக்கோட்டுக்கு எட்டில் ஒரு அங்குலம் உள்ளே சுற்றிலும் நெருக்கமான ஓட்டுத்தையல் ஒன்று போட்டுவிட்டு அப்புறம் வெட்டுங்கள். தைக்காமல் வெட்டினால் சுற்றுத்தையல்கள் வெட்டுப்பட்டு ஓரத்திலிருந்து பிரிந்து வரும், போட்டிருக்கும் முடிச்செல்லாம் போய்விடும்.

அடித்துணியும் நடுப்பஞ்சு விரிப்பும் 42 × 54 அங்குலம், அதாவது நான்கு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதல். இந்த ஒரு வேலையைத் தோட்டத்தில் செய்யாதீர்கள். புல்தரை சமமாக இருக்காது, அடித்துணியில் சுருக்கம் விழுந்தது தைத்து முடித்துத் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். வீட்டுத் தரையில் அடித்துணியைத் தலைகீழாக விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். தொய்வு இல்லாமல் இருந்தால் போதும், இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சுருங்கிவிடும். மேலே பஞ்சு, அதன்மேல் பூக்கள். நடுவிலிருந்து வெளியே, நாலு அங்குலத்துக்கு ஒரு வரிசை, குறுக்கும் நெடுக்குமாகத் தற்காலிகமாக நீளத் தையல் போடுங்கள். ஊக்கு போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் மடியில் வைத்துக் கையால் தைக்கும்போது நூல் ஒவ்வொரு ஊக்கிலும் மாட்டும், தோட்டத்து ஈரத்தில் துருவும் பிடிக்கும்.

அதன்பிறகு மறுபடி தோட்டத்துக்குப் போகலாம், காலில் போர்வை கனம் தாங்கும் பருவமாக இருந்தால். மேல்தையல் (மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்) எங்கே விழ வேண்டும் என்பதைப் பஞ்சுதான் தீர்மானிக்கும். உறையில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பூவின் வெளிக்கோட்டை மட்டும் தைத்தால் உள்ளே ஐந்து அங்குலத்துக்கு மேல் தையலே இருக்காது. உறையில் 4 அங்குலம் என்றிருந்தால் அது போதாது, பஞ்சு துவைப்பில் நகர்ந்து கட்டியாகும். நடு அறுகோணத்தைச் சுற்றியும் ஒரு தையல் வேண்டும். தையலை இணைப்புக் கோட்டிலிருந்து கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இந்த முறையில் இணைப்பின் இரண்டு பக்கமும் மடிப்புத் துணி இருக்கும், அதன்மேல் குத்தினால் விரல்தான் வலிக்கும். இதற்குக் குட்டையான பிட்வீன்ஸ் ஊசி, 8 அல்லது 9ஆம் நம்பர். நடுவிரலுக்கு விரல் கவசம் கட்டாயம்.

ஓரப்பட்டைக்கு இரண்டேகால் அங்குலத்தில் ஐந்து பட்டை வெட்டிச் சேர்த்தால் 180 அங்குலத்துக்கு மேல் வரும். சுற்றளவு 168, மூலைக்கும் முடிப்புக்கும் மீதி. இரட்டையாக மடித்து முன்பக்கம் ஓட்டுத்தையலில் வைத்து, பின்பக்கம் திருப்பி ஹெம்மிங்.

முதல் துவைப்பு குளிர்ந்த தண்ணீரில், தனியாக. பிழியாமல் பழைய துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். ஈரத்தில் இது நல்ல கனம் இருக்கும். ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் அந்தக் கனம் முழுக்கக் கொடிக்கு மேல் உள்ள சுற்றுத்தையலில் இறங்கி இணைப்பு வாய் பிளக்கும். நிழலில் படுக்கையாக விரித்துக் காயவிடுங்கள், இடமில்லை என்றால் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கொடி கட்டி மேலே பரப்புங்கள்.

மல்லிகைப்பந்தல்:

ஓரத்தை நேராகவே வெட்டுகிறேன். பாதைக்கு அடர் பச்சை, சின்னப் புள்ளி போட்டது. மூல அச்சின்மேல் வைத்துப் பார்த்ததில் இதழ்க் காகிதங்கள் சின்னதாகத்தான் இருக்கின்றன, புதிதாக வெட்டுகிறேன். சேர்த்த பட்டையில் வெட்டிய இதழை ஒரு பூவில் ஆறும் வைக்கலாமா, இல்லை கலந்து வைப்பதா?

பட்டையும்பிட்டும்:

ஆறும் வையுங்கள். பூவுக்குள்ளே சேர்த்த இதழையும் சாதா இதழையும் கலந்தால் தையல் கோடு தவறிப்போய் வந்ததுபோல இருக்கும். வரிசைக்கு இரண்டு பூ இப்படி வரட்டும், பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம்.